எந்த நீதிமன்றத்தைக் கேட்பது? தோற்ற தலைவர்களை விசாரித்த வழிகள்: ஓர் ஒப்பீடு

"சர்வதேச விசாரணை வேண்டும்" என்ற வரி இல்லாமல் சென்னையில் ஈழம் பற்றிய கூட்டங்கள் முடிவதில்லை. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தபோதும் இதுதான் கோரிக்கை. ஒவ்வொரு மே மாதமும் நினைவேந்தலில் வாசிக்கப்படும் தீர்மானங்களிலும் இதுதான். ஆனால் தீர்மானத்தின் வாசகத்தை எழுத உட்காருபவர்களும், சட்டக் கல்லூரியில் இதைப் படிக்கும் பிள்ளைகளும் அடுத்த வரியில் சிக்கிக்கொள்கிறார்கள். சரி, எந்த நீதிமன்றம்? ஹேக் நகரிலா, கொழும்பிலா, நியூரம்பெர்க் மாதிரி புதிதாக ஒன்றா, இல்லை ஏதாவது ஐரோப்பிய நாட்டின் சாதாரண நீதிமன்றத்திலா? பலரும் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை சர்வதேசக் கூண்டில் ஏறிய தலைவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தோற்றவர்கள். போரில் தோற்றவர்கள், தேர்தலில் தோற்றவர்கள், அல்லது பதவியிலிருந்து விரட்டப்பட்டவர்கள். இலங்கையில் நிலைமை வேறு. அங்கே தோற்ற தரப்பின் தலைமை 2009 மே மாதம் களத்திலேயே அழிந்துவிட்டது; எஞ்சியிருக்கும் பெரும் குற்றச்சாட்டு வென்ற அரசின் மீது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியிலும் "தோற்றவர் என்ன ஆனார்?" என்பதோடு "வென்றவர் என்ன ஆனார்?" என்றும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ஆள் கைக்குக் கிடைப்பாரா என்பது. எந்த சர்வதேச நீதிமன்றத்துக்கும் சொந்தப் போலீஸ் கிடையாது. யாராவது ஓர் அரசு பிடித்துக் கொடுத்தால்தான் வழக்கு நகரும்.

இரண்டாவது, வென்ற தரப்பையும் விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது. மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். தோற்றவருக்கு மட்டும் பொருந்தும் சட்டமாக இருந்தால், அடுத்த போரைத் தொடங்கப்போகிறவர் அதிலிருந்து படிக்கும் பாடம் "எப்படியாவது ஜெயித்துவிடு" என்பதுதான். அது பொதுமக்களுக்கு இன்னும் ஆபத்து.

மூன்றாவது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்மையான தற்காப்பு கிடைக்குமா. நல்ல வக்கீல், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, மேல்முறையீடு எல்லாம் இதில் அடங்கும். நான்காவது, பாதிக்கப்பட்டவர்கள் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்திலும் புரிகிற மொழியிலும் விசாரணை நடக்குமா. ஐந்தாவது, காலமும் பணமும். இதைக் கடைசியில் வைத்தாலும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எழுபது வயதுத் தலைவர்கள் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை, இறந்துவிடுகிறார்கள். சாட்சிகளும் அப்படியே.

## வென்ற நாடுகள் அமைக்கும் தீர்ப்பாயம்

முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை விசாரிக்க வேண்டும் என்று வெர்சாய் ஒப்பந்தத்தின் 227ஆவது பிரிவு சொன்னது. அவர் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்தார். நெதர்லாந்து ஒப்படைக்க மறுத்தது. 1941இல் அங்கேயே, தன் மாளிகையில் இறந்தார். மற்றவர்களை ஜெர்மனியே விசாரித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 1921இல் லைப்சிக் நகரில் நடந்த வழக்குகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் தண்டனை. அதிலும் அதிகபட்சம் 4 ஆண்டு.

இந்தத் தோல்வியை மனதில் வைத்துத்தான் 1945இல் நேச நாடுகள் தாங்களே நியூரம்பெர்க்கில் தீர்ப்பாயம் அமைத்தன. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் நீதிபதிகள். 1945 நவம்பர் 20 அன்று தொடங்கி, 1946 அக்டோபர் 1 அன்று முடிந்தது. 22 பேர் மீது தீர்ப்பு வந்தது: 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை. ஓர் ஆண்டுக்குள் இவ்வளவு பெரிய வழக்கு முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனி நிபந்தனையின்றிச் சரணடைந்திருந்தது. குற்றவாளிகள் காவலில் இருந்தார்கள். அவர்களே கையெழுத்துப் போட்ட கோப்புகள் டன் கணக்கில் சிக்கியிருந்தன. அந்த 3 விடுதலைகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அவை நடந்திருக்காது.

மறைமுகச் செலவு பிறகு தெரிந்தது. கத்தின் காட்டில் போலந்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை ஜெர்மானியர் செய்ததாக சோவியத் தரப்பு குற்றப்பத்திரிகையில் சேர்த்தது. உண்மையில் அதைச் செய்தது சோவியத் ரகசியப் போலீஸ். சாட்சியம் தடுமாறியதும், தீர்ப்பு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கடந்துபோனது. சோவியத் ஒன்றியம் 1990இல்தான் ஒப்புக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: கொலை செய்த தரப்பே அந்தக் கொலைக்கு நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருந்தது. கடற்படைத் தளபதி டோனிட்ஸ் வழக்கு இன்னொரு விதம். பசிபிக் கடலில் நாங்களும் இதே மாதிரி நீர்மூழ்கிப் போர்தான் நடத்தினோம் என்று அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் எழுதிக் கொடுத்தார். நீர்மூழ்கிப் போர் விதிமீறல்களுக்காகத் தண்டனை அளவைக் கூட்டவில்லை என்று தீர்ப்பாயமே சொல்ல வேண்டி வந்தது.

ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் 11 நாட்டு நீதிபதிகள். 28 பேர் மீது வழக்கு, 25 பேருக்குத் தண்டனை, அதில் 7 பேருக்குத் தூக்கு. பேரரசர் ஹிரோஹிட்டோ மீது வழக்கே போடப்படவில்லை. சீனாவில் மனிதர்கள் மீது கிருமிப் பரிசோதனை செய்த 731ஆவது பிரிவின் மருத்துவர்களை, அவர்களுடைய ஆய்வுத் தகவல்களுக்குப் பதிலாக அமெரிக்கா விட்டுவிட்டது.

டோக்கியோ என்றதும் நம் ஊரில் எல்லோரும் ராதாபினோத் பாலைச் சொல்வார்கள். கல்கத்தாவிலிருந்து போன நீதிபதி. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுவிக்க வேண்டும் என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் மாற்றுத் தீர்ப்பு எழுதியவர். வென்றவர்கள் போருக்குப் பிறகு சட்டம் செய்து தோற்றவர்கள் மீது பாய்ச்சுகிறார்கள் என்றார். அணுகுண்டு போட்டதை யார் விசாரிப்பது என்ற கேள்வியையும் எழுப்பினார். அந்தத் துணிச்சல் மதிக்கத்தக்கது. ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். ஜப்பானியப் படைகள் நடத்திய கொடுமைகளுக்கான சான்று வலுவானது என்பதை பால் மறுக்கவில்லை. இருந்தும் போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கும் ஜப்பானியத் தேசியவாதிகள், எதுவுமே நடக்கவில்லை என்பதற்கு அவரைச் சாட்சியாக்குகிறார்கள். வென்றவர் நடத்தும் வழக்கில் இருக்கும் பெரிய விலை இதுதான். உண்மையான கொலைகளையே மறுப்பதற்கு அது மறுப்பவர் கையில் நல்ல காரணத்தைக் கொடுத்துவிடுகிறது.

எப்போது பொருந்தும்: ஓர் அரசு முழுதாகச் சரணடைந்து, ஆட்களும் ஆவணங்களும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால். இன்றைய போர்கள் அப்படி முடிவது அரிது. இலங்கைக்கு "நியூரம்பெர்க் மாதிரி" கேட்பவர்கள் அந்த மாதிரியில் நீதிபதி யாராக இருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதை அப்படியே பொருத்தினால் கொழும்புதான் நீதிபதி.

## ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அமைக்கும் தீர்ப்பாயம்

பனிப்போர் முடிந்து, வல்லரசுகள் கொஞ்ச காலம் ஒத்துப்போன 1990களில் பிறந்தவை இவை. யூகோஸ்லாவியாவுக்கு 1993 மே மாதம், ருவாண்டாவுக்கு 1994 நவம்பரில்.

யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றம் சாட்டியது. கடைசியில் ஒருவர்கூடத் தலைமறைவாக மிச்சமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமா, ஆளைப் பிடித்துக் கொடு என்று செர்பியாவை நெருக்கியது அதற்குப் பெரிதும் உதவியது. போஸ்னிய செர்பியத் தலைவர் கராட்ஜிச் 2008இலும் அவருடைய தளபதி மிலாடிச் 2011இலும் பிடிபட்டார்கள். இருவருக்கும் இறுதியில் ஆயுள் சிறை. ஆனால் செர்பிய அதிபராக இருந்த மிலோஷெவிச்? 2001இல் ஹேக்குக்கு அனுப்பப்பட்டார். விசாரணை நான்கு ஆண்டு இழுத்து, 2006 மார்ச்சில் தீர்ப்பு வரும் முன்பே சிறையில் இறந்துபோனார். எல்லாக் குற்றத்தையும் ஒரே வழக்கில் திணித்தால் இந்த ஆபத்து உண்டு.

வென்ற தரப்பைத் தொட்டதா என்றால், கொஞ்சம். குரோஷியத் தளபதி கொட்டோவினாவுக்கு 2011இல் 24 ஆண்டு சிறை விதித்து, 2012இல் மேல்முறையீட்டில் விடுவித்தது. யூகோஸ்லாவியா மீது மேற்கு நாடுகளின் நேட்டோ கூட்டணி நடத்திய குண்டுவீச்சைப் பற்றி விசாரணை தொடங்கக்கூடப் போதிய அடிப்படை இல்லை என்று அரசுத் தரப்பு வக்கீல் 2000இல் முடிவு செய்தார்.

ருவாண்டாத் தீர்ப்பாயத்தில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். டர்பனில் பிறந்த, தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த நீதிபதி நவநீதம் பிள்ளை. 1998 செப்டம்பரில் அகயேசு என்ற ஊர்த்தலைவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்ன மூவரில் ஒரே பெண் அவர். சர்வதேச நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக்குத் தண்டனை கொடுத்த முதல் வழக்கு அது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று சட்டத்தில் பதிந்ததும் அதே தீர்ப்புதான். ஆரம்பக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் சேர்க்கப்பட்டது. ஈழப் பெண்களின் சாட்சியம் பற்றிப் பேசும் எவரும் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். பிரதமராக இருந்த கம்பாண்டாவும் இதே தீர்ப்பாயத்தில் ஆயுள் தண்டனை பெற்றார்.

இன்னொரு பக்கமும் உண்டு. இனப்படுகொலையை நிறுத்தி ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினரும் பழிவாங்கும் கொலைகள் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. தீர்ப்பாயத்துக்கு அதிகாரமும் இருந்தது. ஒருவர் மீதுகூட அது குற்றம் சாட்டவில்லை. சாட்சிகள் எல்லோரும் ருவாண்டாவில் இருந்தார்கள். அரசு அனுமதித்தால்தான் தீர்ப்பாயம் இருந்த தான்சானியாவின் அருஷாவுக்கு வர முடியும். எழுத்தில் அதிகாரம் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

எப்போது பொருந்தும்: ஐந்து வல்லரசுகளும் வீட்டோவைத் தொடாமல் இருந்தால். சிரியாவை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானத்தையே 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. இலங்கை விஷயத்தில் சீனா வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

## சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம்

"ஹேக்குக்குக் கொண்டுபோ" என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது இதுதான். 1998 ஜூலையில் ரோம் நகரில் ஒப்பந்தம். 2002 ஜூலை 1 முதல் நடைமுறை. 120க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். மரண தண்டனை கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வக்கீல் மூலம் விசாரணையில் பங்கெடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். தற்காப்பு உரிமை மற்ற எல்லா வழிகளையும் விட இங்கே உறுதி. ஐவரி கோஸ்ட்டில் தேர்தலில் தோற்று, பதவி இறங்க மறுத்து, 2011இல் பிடிபட்ட அதிபர் க்பாக்போ இங்கேதான் நிறுத்தப்பட்டார். ஏழு ஆண்டுக்கு மேல் காவலில் இருந்தவரை 2019இல் நீதிபதிகள் விடுதலை செய்தார்கள், சான்று போதவில்லை. அவரைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த தரப்பினர் ஒருவர்கூட அந்தக் கூண்டில் ஏறவில்லை என்பதும் இதே வழக்கின் பகுதி.

சட்டப்படி பார்த்தால் வென்றவரையும் தோற்றவரையும் இது ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டும். பதவியிலிருக்கும் புதின் மீது 2023 மார்ச்சிலும் நெதன்யாகு மீது 2024 நவம்பரிலும் கைது வாரண்ட் பிறப்பித்திருக்கிறது.  ஆனால் ஆள் கையில் கிடைக்கிறாரா? சூடானின் அல் பஷீர் மீது 2009இல் வாரண்ட். 2019இல் அவரே ஆட்சியை இழந்து கைதான பிறகும் ஹேக்குக்கு அனுப்பப்படவில்லை. பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதர்த்தே 2025 மார்ச்சில் மணிலாவில் கைதாகி அடுத்த நாளே ஹேக் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் ஆளும் மார்கோஸ் குடும்பத்துக்கும் இடையிலிருந்த கூட்டணி உடைந்திருந்தது. உள்ளூரில் தோற்ற பிறகுதான் ஹேக் கதவு திறக்கிறது.

நமக்கு இருக்கும் தடை வெளிப்படையானது. இலங்கை உறுப்பினர் இல்லை. இந்தியாவும் இல்லை. உறுப்பினர் அல்லாத நாட்டில் அந்நாட்டுக் குடிமக்கள் செய்த குற்றத்தை எடுக்க வேண்டுமென்றால், அந்த நாடே சம்மதிக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு கவுன்சில் அனுப்ப வேண்டும். மியன்மார் விஷயத்தில் மட்டும் ஒரு சந்து கிடைத்தது: ரோஹிங்கியா மக்கள் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பினர் என்பதால், எல்லை தாண்டி நாடு கடத்திய குற்றத்தை விசாரிக்கலாம் என்று நீதிபதிகள் 2018இல் சொன்னார்கள். ஈழ அகதிகள் அதிகம் வந்து சேர்ந்த இந்தியா உறுப்பினராக இருந்திருந்தால் அந்தச் சந்து நமக்கும் கிடைத்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எப்போது பொருந்தும்: 2002க்குப் பிந்தைய குற்றம், உறுப்பு நாட்டின் மண், ஆட்சி மாறி ஒப்படைக்கத் தயாராக இருக்கும் அரசு. மூன்றும் சேர வேண்டும்.

## கலப்பு நீதிமன்றம்

உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து உட்காருவது. இதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன். இரண்டாவது அளவுகோலில் ஓரளவாவது தேறியவற்றில் முக்கியமானது இது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், உள்நாட்டுப் போர் முடிந்த 2002இல் அரசும் ஐ.நா.வும் ஒப்பந்தம் போட்டு சிறப்பு நீதிமன்றம் அமைத்தன. ஃப்ரீடவுன் தலைநகரிலேயே உட்கார்ந்தது. அந்தப் போரில் கை வெட்டப்பட்டவர்கள் நடந்தோ பஸ்ஸிலோ வந்து பார்க்கக்கூடிய இடம். விசாரணை அமர்வில் மூன்று நீதிபதிகள்: ஒருவரை நாட்டு அரசும் இருவரை ஐ.நா.வும் நியமித்தன. தோற்ற கிளர்ச்சிப் படையின் தலைவர்கள் மீது வழக்கு போட்டது யாருக்கும் வியப்பில்லை. ஆனால் அரசுக்காகப் போராடிய ஆயுதக் குழுவின் தலைவர் சாம் ஹிங்கா நார்மனையும் கைது செய்தது. அப்போது அவர் பதவியிலிருந்த உள்துறை அமைச்சர். ஜனநாயகத்தைக் காத்த வீரர் என்று பாதி நாடு கொண்டாடிய மனிதர். தீர்ப்புக்கு முன் 2007இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய சக தலைவர்கள் இருவருக்கு 15 ஆண்டும் 20 ஆண்டும் இறுதியானது. வென்ற தரப்பின் ஆட்கள் வென்ற நாட்டின் தலைநகரிலேயே தண்டனை பெற்றார்கள். வேறெங்கும் இதற்கு இணையாக என்னால் காட்ட முடியாது. இதிலும் குறை உண்டு: பாதுகாப்பு அமைச்சகத்தைத் தன் கையில் வைத்திருந்த அதிபர் கப்பாவை நீதிமன்றம் தொடவில்லை.

பக்கத்து நாடான லைபீரியாவின் அதிபர் சார்ல்ஸ் டெய்லரும் இந்த நீதிமன்றத்தில்தான் தண்டனை பெற்றார். 2003இல் நைஜீரியாவுக்குப் போனவரை 2006இல் ஒப்படைத்தார்கள். அவர் வழக்கை மட்டும் பாதுகாப்புக் கருதி ஹேக்கில் நடத்தினார்கள். 2012இல் 50 ஆண்டு சிறை; இப்போது பிரிட்டனில் அனுபவிக்கிறார்.

இதே பெயரில் நடந்த கம்போடிய அனுபவம் கசப்பானது. அங்கே விசாரணை அமர்வின் ஐந்து பேரில் மூவர் உள்நாட்டவர். பிரதமர் ஹுன் சென் அரசு விரும்பாத வழக்குகள் நகரவே இல்லை. 2006 முதல் 2022 வரை 30 கோடி டாலருக்கு மேல் செலவு. தண்டனை பெற்றவர்கள் மூன்று பேர். படுகொலைகளை நடத்திய கெமர் ரூஜ் ஆட்சியின் தலைவர் போல் பாட் 1998இலேயே இறந்துவிட்டிருந்தார். ஆகவே "கலப்பு" என்ற பெயரைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பெரும்பான்மை யாருடையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் இங்கே தீராத தொல்லை. சியரா லியோன் நீதிமன்றம் நாடுகள் விருப்பப்பட்டுத் தந்த நன்கொடையில் ஓடியது. அடுத்த ஆண்டுக்குப் பணம் வருமா என்று தெரியாமல் தலைமை நீதிபதிகள் நாடு நாடாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

இலங்கைக்கு இந்த வழி 2015இல் கிட்டத்தட்ட கைக்கு எட்டியது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை கலப்பு நீதிமன்றத்தைப் பரிந்துரைத்தது. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் நீதிப் பொறிமுறை என்ற வாசகத்தோடு வந்த மனித உரிமை கவுன்சிலின் 30/1 தீர்மானத்தை இலங்கையே சேர்ந்து முன்மொழிந்தது. பிறகு அதிபர் சிறிசேனா வெளிநாட்டு நீதிபதிகளுக்கு இடமில்லை என்றார். 2020இல் கோத்தபய அரசு தீர்மானத்திலிருந்தே விலகியது.

எப்போது பொருந்தும்: நாட்டு அரசு சம்மதிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும்போது. அந்தச் சமயம் குறுகியது. நழுவினால் மறுபடி வர ஆண்டுகள் ஆகும்.

## சொந்த நாட்டு நீதிமன்றம்

மக்களுக்கு மிக அருகில், அவர்கள் மொழியில், விரைவாக நடக்கும். காகிதத்தில் இதுதான் சிறந்த வழி. சதாம் உசேன் வழக்கைப் பாருங்கள்.

2003 டிசம்பரில் பிடிபட்டார். 1982இல் துஜைல் ஊரில் தன் மீது நடந்த கொலை முயற்சிக்குப் பிறகு அவ்வூரார் 148 பேரைக் கொன்ற வழக்கு முதலில் எடுக்கப்பட்டது, சான்று எளிதாக இருந்ததால். விசாரணைக் காலத்தில் தற்காப்பு வக்கீல்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். தலைமை நீதிபதி பாதியில் விலகினார். 2006 நவம்பரில் மரண தண்டனை. டிசம்பர் 30 அன்று தூக்கு. தூக்கு மேடையில் அவரை ஏசிய குரல்கள் செல்போன் வீடியோவில் உலகம் முழுக்கப் போயின. குர்து மக்கள் மீதான அன்ஃபால் படுகொலை வழக்கு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அவர் இறந்ததால் அவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 148 பேரின் கொலைக்குத் தீர்ப்பு வந்தது. பல்லாயிரம் குர்துகளின் கொலைக்கு அவர் பெயரில் தீர்ப்பே இல்லை. அவசரத் தூக்கின் விலை இது. ஈராக்கியரையும் ஈராக்கில் வசித்தவர்களையும் மட்டுமே விசாரிக்கலாம் என்று அந்தச் சட்டம் எழுதப்பட்டதால், படையெடுத்து வந்த அமெரிக்கர்களை அது தொடவும் முடியாது.

வங்கதேசத்தில் 2010இல் ஷேக் ஹசீனா அரசு ஒரு தீர்ப்பாயம் அமைத்தது. பெயரில் சர்வதேசம் இருந்தாலும் அது உள்நாட்டு நீதிமன்றம்தான். 1971 போரில் பாகிஸ்தானுக்குத் துணை போனதாகச் சொல்லப்பட்ட எதிர்க்கட்சியினருக்குத் தூக்கு விதித்தது. அதே தீர்ப்பாயம் 2025 நவம்பரில், 2024 போராட்டத்தை ஒடுக்கிய குற்றத்துக்காக, இந்தியாவில் இருக்கும் ஹசீனாவுக்கே அவர் ஆஜராகாமலே மரண தண்டனை விதித்தது. யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கூண்டில் நிற்பவர் மாறினால், உண்மையான குற்றமும் பழிவாங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

எப்போது பொருந்தும்: நீதித்துறை அரசுக்கு அஞ்சாத நாட்டில், மரண தண்டனையைத் தள்ளிவைத்து. இலங்கையில் வென்ற தரப்பின் மீதான வழக்குக்கு இது இன்று பொருந்தாது.

## வேறொரு நாட்டின் நீதிமன்றம்

சில குற்றங்களை எங்கே நடந்தாலும் எந்த நாடும் விசாரிக்கலாம் என்பது இதன் அடிப்படை. சாட் நாட்டின் சர்வாதிகாரி ஹிசேன் ஹப்ரே 1990இல் விரட்டப்பட்டு செனகலில் சுகமாக இருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் துரத்தினார்கள். பெல்ஜியம், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு நடத்து அல்லது ஒப்படை என்று 2012இல் உத்தரவு வாங்கியது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு செனகலிலேயே சிறப்பு அமர்வு அமைந்து, 2016 மே மாதம் ஆயுள் தண்டனை. கால் நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நீதிமன்றம் சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை கொடுத்தபோது சிரிய அதிபர் அசாத் இன்னும் ஆட்சியில்தான் இருந்தார். வென்றுகொண்டிருந்த தரப்பில் முன்பு பணியாற்றிய ஒருவரை இப்படித் தண்டிக்க முடிந்தது என்பதுதான் இந்த வழியின் தனிச்சிறப்பு. குறை, ஆள் அந்த நாட்டுக்கு வந்தால்தான் பெரும்பாலும் ஏதாவது நடக்கும். பெரிய தலைகள் வருவதில்லை.

இந்தியாவில் இது நடக்குமா என்று சட்ட மாணவர்கள் கேட்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. வெளிநாட்டில் நடந்த கடுமையான மீறல்களையும் தண்டிக்கலாம் என்கிறது. ஆனால் அந்த வகை மீறல் நாடுகளுக்கு இடையிலான போருக்கானது. இலங்கையில் நடந்தது உள்நாட்டுப் போர். அதோடு அரசே புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்க முடியும். ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை அங்கேயே நின்றுவிடும்.

## வழக்கே வேண்டாம் என்ற வழி

1971 போருக்குப் பின் இந்தியாவின் காவலில் பாகிஸ்தானியர் சுமார் 93,000 பேர். அதில் 195 பேரைப் போர்க்குற்றத்துக்கு விசாரிக்க வங்கதேசம் விரும்பியது. பாகிஸ்தானில் சிக்கியிருந்த வங்காளிகள், வங்கதேசத்துக்கான அங்கீகாரம் என்று பேரம் போய், 1974 ஏப்ரலில் டெல்லி ஒப்பந்தத்தில் 195 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அமைதிக்காகச் செய்தது, ஆனால் நாற்பது ஆண்டு கழித்து உள்ளூர் உடந்தையாளர்கள் மட்டும் தூக்கில் தொங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பின், முழு உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்று 7,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, 849 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது. மறுக்கப்பட்டவர்கள் மீது வழக்கு ஏறக்குறைய வரவே இல்லை. தண்டனை வரும் என்ற பயம் நிஜமாக இருந்தால் மட்டுமே இந்த வழி வேலை செய்யும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆள் கிடைப்பாரா | வென்ற தரப்பைத் தொடுமா | தற்காப்பு | மக்களுக்கு அருகில் | காலம், பணம் |
|---|---|---|---|---|---|
| வென்றவர் தீர்ப்பாயம் | முழுச் சரணடைவில் மட்டும் | தொடாது | ஓரளவு | சுமார் | விரைவு |
| பாதுகாப்பு கவுன்சில் தீர்ப்பாயம் | வல்லரசு நெருக்கினால் | எழுத்தில் உண்டு, நடப்பில் குறைவு | நல்லது | தூரம் | மிக நீளம், மிக அதிகம் |
| சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் | ஆட்சி மாறினால் | சட்டப்படி உண்டு | மிக நல்லது | தூரம், ஆனால் பங்கேற்கலாம் | நீளம் |
| கலப்பு நீதிமன்றம் | அரசு சம்மதித்தால் | வெளிநாட்டுப் பெரும்பான்மை இருந்தால் | நல்லது | அருகில் | நடுத்தரம், நன்கொடை |
| சொந்த நாட்டு நீதிமன்றம் | எளிது | பெரும்பாலும் தொடாது | பலவீனம் | மிக அருகில் | விரைவு, மலிவு |
| வேறு நாட்டு நீதிமன்றம் | பயணம் செய்தால் | தொடும் | நல்லது | தூரம் | நீளம், அந்நாட்டுச் செலவு |

## சென்னையில் தீர்மானம் எழுதுபவர்களுக்கு

என் முடிவு இது: நீண்ட காலத்துக்குக் கேட்க வேண்டியது வெளிநாட்டு நீதிபதிகள் பெரும்பான்மையாக இருக்கும் கலப்பு நீதிமன்றம், இப்போதே கேட்க வேண்டியது மற்ற நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்கு. "சர்வதேச விசாரணை" என்று பொதுவாகச் சொன்னால், உள்நாட்டு ஆணையத்தில் இரண்டு வெளிநாட்டுப் பார்வையாளர்களை உட்கார வைத்துவிட்டு அதுதான் இது என்று சொல்லிவிட முடியும். ஆகவே நீதிபதிகளின் விகிதம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். மரண தண்டனை இல்லை என்ற வரியும் இருக்கட்டும். மரண தண்டனை இருந்தால் பல ஐரோப்பிய நாடுகள் ஆளையும் ஒப்படைக்காது.

இன்னொன்று, நம் கூட்டங்களில் சொல்லக் கஷ்டமானது. அதிகாரம் இரு தரப்புக்கும் என்று எழுத வேண்டும். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும், அதில் பெரும்பாலான சாவுகளுக்கு அரசின் குண்டுவீச்சே காரணம் என்றும் சொன்னது. அதே அறிக்கை, தப்ப முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் சேர்த்தே சொன்னது. அந்தக் குழந்தைகளும் நம் குழந்தைகள். ஒரு தரப்பை மட்டும் விசாரி என்று நாம் கேட்டால், கொழும்பு இத்தனை ஆண்டு சொல்லிவருவதையே மறுபக்கத்திலிருந்து சொன்னதாகிவிடும். சியரா லியோன் தீர்ப்புகளுக்கு வலு வந்ததே ஹிங்கா நார்மனும் அங்கே நின்றதால்தான்.

டெல்லியிடம் கேட்க வேண்டியதும் உண்டு. இலங்கைத் தீர்மானங்களில் 2012இலும் 2013இலும் ஆதரவாக வாக்களித்த இந்தியா, 2014இலும் 2021இலும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இனப்படுகொலையையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களையும் தனிக் குற்றங்களாக ஏற்கும் உள்நாட்டுச் சட்டம் கேட்பது, ஹேக்கைக் கேட்பதை விட நடைமுறைக்கு அருகிலானது.

எந்த நீதிமன்றம் வந்தாலும் அதற்கு முன் சான்று பத்திரமாக இருக்க வேண்டும். மனித உரிமை கவுன்சிலின் 2021 தீர்மானத்தால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கைக்கான சான்றுகளைத் திரட்டிக் காக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களிலும் சென்னையின் வாடகை வீடுகளில் இருப்பவர்களிலும் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அவர்களிடம் வாக்குமூலம் வாங்க நினைக்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஆளிடம் ஆளுக்கொருவராகப் போய்ப் பதிவு செய்யாதீர்கள். நான்கு பதிவில் நான்கு விதமாகத் தேதி வந்தால், குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சியை உடைக்க அதுவே போதும். பயிற்சி பெற்ற ஒரு வக்கீல், அவர் சம்மதத்தோடு, ஒரே முறை, பார்த்தது எது கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதி வாங்கட்டும். பழைய போட்டோவும் வீடியோவும் யாரிடமாவது இருந்தால் அந்த மூலக் கோப்பை அழிக்காமல், பெயர் மாற்றாமல், எடுத்த போனோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.